காவலும் கப்பமும்

வேலியே பயிரை மேய்ந்தால் விளைவு என்னாகும் என்று நம் முன்னோர் வினாவினர். அவ்வினாவைப் பழமொழியாக வழங்கி அமைதியுறுதல் எளிது. மேயத் தொடங்கிய வேலியைத் திருத்துதற்குரியார் யாவர், எக்கருவி கொண்டு திருத்துவர் என ஆராய்தலே அரிது. அவ்வரிய வினாவையே இக்கட்டுரையில் எடுத்துக்கொண்டோம். மக்களைக் காத்தற்கென அமைந்த பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர், தம் பதவியின் வலிமையைக் காட்டி மக்களிடம் பணம் பறிப்பாராயின், அவரைச் சட்டம் எவ்வாறு கட்டுப்படுத்துகிறது? பறிகொடுத்தவருக்கு என்ன வழியைத் திறந்து வைத்திருக்கிறது?

கல்லூரியின் நிறைவிழா மலரில் இத்தகைய பொருளை எழுதுதல் பொருந்துமோ என ஐயுறுவார் இருக்கலாம். இதனை எழுதத் தூண்டியவன் எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவனே. அவன் தந்தையார் ஒரு மரக்கறி வியாபாரி. விடியுமுன் சிறிய லொறி ஒன்றிலே சரக்கேற்றிக்கொண்டு வேறோர் ஊர்ச் சந்தைக்குச் செல்பவர். வழியில் நிற்கும் உத்தியோகத்தர் ஒருவருக்குக் கிழமைதோறும் ஆயிரம் ரூபா கொடுத்துவந்தார். கொடாத கிழமையில் லொறி நிறுத்தப்படும், பத்திரங்கள் புரட்டப்படும், வெயில் ஏறும், கீரை வாடும். குடியியற் பாடவேளையில் ஒருநாள் அம்மாணவன் எழுந்து, "சேர், அப்பா குடுக்கிறது வரியோ, இலஞ்சமோ?" என்று கேட்டான். வகுப்பு நகைத்தது. நாம் நகைக்கவில்லை, ஆயினும் உடனே விடை கூறவும் எம்மால் இயலவில்லை. பின்னர் அத்தந்தையாரைக் கண்டு, ஏன் முறையிடலாகாது என்று வினவினோம். "குடுத்தவனுக்கும் மறியல் எண்டு சொல்லுகினம், மாஸ்ரர். நான் எந்த வாயாலை முறையிடுறது?" என்றார். மகனின் வினாவும் தந்தையின் வினாவும் ஒரே முடிச்சின் இரு நுனிகள். அவற்றுக்குக் காலந்தாழ்ந்து எழுதும் விடையே இக்கட்டுரை.

சொல்லும் வரலாறும்

அம்மாணவன் இரண்டு சொற்களை அறிந்திருந்தான், மூன்றாவதொன்றை மறந்தான். அது 'கப்பம்'. வரி என்பது சட்டம் விதித்தது, பற்றுச்சீட்டு உடையது, பொதுப் பணத்திற் சேர்வது. இலஞ்சம் என்பது சலுகை ஒன்றை நாடிக் கொடுப்பதும் வாங்குவதும். அதில் இருவருக்கும் பங்குண்டு. கப்பம் என்பதோ அச்சத்தின் விலை. கொடாவிடில் தீங்கு வரும் என்பதனாலேயே அது கொடுக்கப்படுகிறது.

இச்சொல்லின் வரலாற்றை உணர்தற்கு நல்லூரைவிடத் தக்க இடம் வேறில்லை. நல்லூர் யாழ்ப்பாண அரசின் தலைநகராய் விளங்கியது. சிற்றரசன் பேரரசனுக்குச் செலுத்திய திறையையே அந்நாளிற் கப்பம் என்றனர். 1560ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் நல்லூரினுட் புகுந்தனர். 1591ஆம் ஆண்டில் மீண்டும் படையெடுத்து வென்று, எதிர்மன்னசிங்கனைத் தமக்குத் திறை செலுத்தும் மன்னனாக அரியணையில் இருத்தினர். 1619ஆம் ஆண்டில் அவ்வரியணையையே அகற்றிவிட்டனர். முத்திரைச் சந்தியையும் சங்கிலியன் தோப்பையும் நாள்தோறும் கடந்து செல்லும் நம் மாணவர், கப்பம் செலுத்திய அரசொன்றின் மண்ணிலேதான் நடக்கின்றனர்.

இன்று இலங்கைத் தமிழிலே அதே சொல், அச்சுறுத்திப் பணம் பறித்தலைக் குறிக்கிறது. சிங்கள மொழியிலும் இதே சொல் இதே பொருளில் வழங்குகிறது. இது தற்செயலான பொருள் மாற்றமன்று. கப்பம் வாங்குபவன், 'உனக்கும் சட்டத்துக்கும் நடுவே நான் நிற்கிறேன். எனக்குக் கீழே நீ வாழ்கிறாய்' என்று வாய் திறவாமலே கூறுகிறான். ஏவலராய் நியமிக்கப்பட்டவர் கப்பம் வாங்கும் அக்கணமே தம்மைக் குறுநில மன்னராக முடிசூட்டிக்கொள்கிறார். ஆதலால் இக்குற்றம் ஒருவரின் பணப்பைக்கு மாத்திரம் நேர்ந்த நட்டமன்று. அரசின் அதிகாரத்தையே களவாடுதலாகும். போர்க்காலத்தில் ஆயுதம் தாங்கிய பல கைகளுக்கு அஞ்சிப் பணம் ஈந்த நம் குடாநாட்டு மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சென்னை மாகாணத்தில் ஒரு விசாரணை

இக்குற்றத்தை அரசாங்கமே முறையாக ஆராய்ந்த பழைய நிகழ்ச்சி ஒன்று தமிழ் நிலத்திலேயே உண்டு. 1854ஆம் ஆண்டில், சென்னை மாகாணத்து உத்தியோகத்தர் குடிகளைச் சித்திரவதை செய்து பணம் பெறுகின்றனர் என்னும் செய்தி பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுந்தது. அதன் பயனாக எலியற், ஸ்ரோக்ஸ், ஜோன் புறூஸ் நோட்டன் என்னும் மூவரைக் கொண்ட விசாரணைக்குழு நியமிக்கப்பட்டது. அவர்களிடம் 1,900க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் வந்து குவிந்தன. 1855ஆம் ஆண்டில் அறிக்கை வெளியாயிற்று.

விரல்களைக் கோல்களுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாளும் அவ்வறிக்கையில் இடம்பெற்றுள்ளன. வரி வசூலித்தற்கும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்தற்கும், தம் சொந்தக் கைக்குப் பணம் பறித்தற்கும் அவை ஒருங்கே பயன்பட்டன. வரி வாங்குபவரும் பொலிஸ் அதிகாரம் உடையவரும் ஒருவரே ஆனமையால், அரசுக்குரிய பணம் எது, அவர் மடிக்குரிய பணம் எது என்று குடியானவனாற் பிரித்தறிய முடியவில்லை.

ஆயினும் அக்குழுவினரின் உள்ளத்தை மிகுதியும் வருத்தியது சித்திரவதையின் கொடுமையன்று. துன்புற்றவன் பரிகாரம் பெறுதற்கு நேர்ந்த இடர்ப்பாடே. மாவட்ட அதிகாரியின் கச்சேரி நெடுந்தொலைவில் இருந்தது. சென்றுவரப் பொருளும் நாளும் செலவாயின. சென்றாலும், எவர்மீது முறையிட வேண்டுமோ அவர்தம் உறவினரும் நண்பருமே வாயிலில் நின்றனர். தோற்றுத் திரும்பியவனை ஊரிற் பழி காத்திருந்தது. ஆதலால் வாயடைத்திருத்தலே அறிவுடைமை என மக்கள் கருதினர்.

இவ்விசாரணையின் பின், வரித் தொழிலினின்றும் பொலிஸ் தொழிலைப் பிரித்து, 1859ஆம் ஆண்டின் சென்னை மாவட்டப் பொலிஸ் சட்டம் இயற்றப்பட்டது. அதனைத் தொடர்ந்து 1861ஆம் ஆண்டின் இந்தியப் பொலிஸ் சட்டம் எழுந்தது. அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு, கடமை தவறிய பொலிஸ்காரரை நீதவான் மூன்று மாதச் சம்பளம் வரை தண்டம் இறுக்கச் செய்யலாம், அன்றி மூன்று மாதம் வரை சிறையிடலாம் என விதித்தது. இலங்கையில் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் பிறந்ததும் அக்காலத்தை ஒட்டியே.

கற்றற்குரிய பாடம் இது: கொடுமையை ஒழித்தற்கு முறையிடும் வழியை எளிதாக்குதல் முதற்படி. வழி அடைபட்டிருக்குமாயின் ஆயிரம் சட்டங்கள் இருந்தும் பயனில்லை.

நான்கு நிலைகள்

இனி நம் நாட்டுச் சட்டத்தை நோக்குவோம். மாணவர் எளிதில் உணர்தற்பொருட்டுக் கற்பனை நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாலை மங்கும் வேளை. இளைஞன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வருகிறான். உத்தியோகத்தர் ஒருவர் கைகாட்டி நிறுத்துகிறார். இறுதியில் 2,000 ரூபா கைமாறுகிறது. இங்கே நிகழ்ந்த குற்றம் யாது? நான்கு வகையாகப் பிரித்துக் காண்போம்.

முதலாவது: மோட்டார் சைக்கிளில் விளக்கு எரியவில்லை. இளைஞனே பணத்தை நீட்டி, "இதை வைச்சுக்கொண்டு விடுங்கோ" என்கிறான், உத்தியோகத்தர் வாங்குகிறார். இது இலஞ்சம். இருவரும் குற்றவாளிகள்.

இரண்டாவது: விளக்கு எரியவில்லை, ஆனால் பணத்தைக் கேட்டவர் உத்தியோகத்தர். கேட்டலே குற்றம், பெற்றாலும் பெறாவிட்டாலும் குற்றம் நிறைவுறும்.

மூன்றாவது: இளைஞனிடம் எக்குறையும் இல்லை. "பணம் தராவிடில் பொய்வழக்கிலே போடுவேன்" என்று உத்தியோகத்தர் மிரட்டுகிறார். அவன் அஞ்சிக் கொடுக்கிறான். 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை, அதன் 372ஆம் பிரிவில் இதனை வரையறுக்கிறது. ஒருவருக்கேனும் பிறர் எவருக்கேனும் தீங்கு நேரும் என்னும் அச்சத்தை வேண்டுமென்றே விளைத்து, அவ்வச்சத்தினாற் பொருளைக் கொடுக்குமாறு நேர்மையற்ற முறையிற் செய்தலே அச்சுறுத்திப் பறித்தல். இங்கே இளைஞன் குற்றவாளி அல்லன், குற்றத்துக்கு இரையானவன்.

நான்காவது: உத்தியோகத்தர் திறப்பைப் பிடுங்கிக்கொள்கிறார். "இக்கணமே உன்னைக் கூட்டிலே தள்ளுவேன்" என்று நியாயமின்றித் தடுத்துவைத்து, அங்கேயே அப்பொழுதே பணத்தைப் பெறுகிறார். 379ஆம் பிரிவு கூறுவதாவது: உடன் நின்று, உடனடியான மரணம், காயம், முறையற்ற தடுப்பு ஆகியவற்றுள் ஒன்றைக் காட்டி அச்சுறுத்தி, அவ்விடத்திலேயே பொருளைப் பெறும் பறிப்பு, கொள்ளையாகும். கொள்ளைக்குப் 10 ஆண்டு வரை கடூழியச் சிறை விதிக்கலாம். சீருடையினால் அக்குற்றம் சிறுத்துவிடாது.

திருக்குறளிற் கொடுங்கோன்மை அதிகாரத்தைக் கற்றவர் இங்கே ஒன்றை நினைவுகூர்வர். அதிகாரம் உடையவன் குடிகளிடம் பொருள் வேண்டுவதையும் வழிப்பறியையும் வள்ளுவர் ஒரே தட்டில் வைத்தார். 1883ஆம் ஆண்டின் சட்டக்கோவையை வரைந்த ஆங்கிலேயர் குறளை எண்ணி வரையவில்லை. எனினும் அறிவு சென்றடைந்த இடம் ஒன்றே.

மாணவர் மறவாது கொள்ளத்தக்க எளிய அடையாளம் ஒன்றும் உண்டு. வீதிக் குற்றத்துக்கு அவ்விடத்திலேயே விதிக்கும் தண்டத்துக்கு எழுத்துமூலப் பத்திரம் தரப்படும். பணத்தைத் தபாற் கந்தோரிலோ அரசு வகுத்த பிற வழியாலோ செலுத்துகிறோம். உத்தியோகத்தரின் உள்ளங்கை எக்காலத்திலும் அரசாங்கத்தின் திறைசேரி ஆகாது.

கொடுத்தவரின் வாய்

இனித் தந்தையாரின் வினாவுக்கு வருவோம். கொடுத்தவருக்கும் மறியல் என்று அவர் அஞ்சியது முழுவதும் பிழையன்று, முழுவதும் சரியுமன்று. சலுகை நாடிக் கொடுப்பவர் குற்றவாளியே. அச்சத்தாற் கொடுத்தவரைச் சட்டம் அவ்வாறு நோக்குவதில்லை. இவ்விரண்டையும் ஊர்ப்பேச்சு ஒன்றாக்கிவிட்டமையே பறிப்பவருக்குக் கிடைத்த பெருந்துணை. இரையானவரைப் பங்காளி என்று நம்பச்செய்துவிட்டால், அவர் தாமாகவே வாயைத் தைத்துக்கொள்வர்.

1954ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க இலஞ்சச் சட்டத்தை ஆக்கியோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். அதன் 79ஆம் பிரிவு, பணம் கொடுத்தவர் தகுதியுள்ள சாட்சியே. அவரை உடந்தையாளராகக் கருதலாகாது. பிற சான்று துணை நில்லாவிடினும் அவர் வாய்மொழியை நம்பித் தீர்ப்பளித்தல் பிழையாகாது என விதித்தது. கொடுத்தவரின் வாயைத் திறந்தாலன்றிக் குற்றம் வெளிப்படாது என்பதே அப்பிரிவின் உட்கிடை.

1994ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவை நிறுவியது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் முன்னைய சட்டங்களை நீக்கி அவற்றின் இடத்தைப் பெற்று, அவ்வாண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆணைக்குழுவின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1954. பழைய சட்டம் பிறந்த ஆண்டே இலக்கமாய் அமைந்தமையால் நினைவில் இருத்துதல் எளிது. பணம் கேட்கப்பட்ட செய்தியைக் கொடுப்பதற்கு முன்னரே அறிவித்தால், ஆணைக்குழுவின் உத்தியோகத்தர் மறைந்திருந்து, வாங்குபவரைக் கையும் மெய்யுமாகப் பிடித்தல் கூடும். கொடுத்தபின் அழுவதினும் கொடுக்குமுன் அறிவித்தல் சாலச் சிறந்தது.

மூன்று வாயில்கள்

தவறிழைத்த உத்தியோகத்தரைப் பொறுப்புக்கூறச் செய்தற்கு மூன்று வாயில்கள் உள.

முதல் வாயில் குற்றவியல் நீதி. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி, தரப்படும் முறைப்பாட்டைப் பொலிஸ் நிலையம் பதிவுசெய்தல் கடமை. பொலிஸார்மீது பொலிஸாரிடமே முறையிடுதல் எங்ஙனம் என்பார்க்கு 136ஆம் பிரிவு விடை தருகிறது: எவரும் வாய்மொழியாலோ எழுத்தாலோ நீதவானிடம் நேரே முறைப்பாடு செய்து வழக்குத் தொடங்கலாம். சாட்சி சொல்பவர் அச்சுறுத்தப்பட்டால், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு அளித்தற்கென உண்டு.

இரண்டாம் வாயில் ஒழுக்காற்று நடவடிக்கை. உத்தியோகத்தரை நியமித்தல், பதவி உயர்த்தல், இடம் மாற்றல், ஒழுக்காற்றுக்கு உட்படுத்தல் ஆகிய அதிகாரங்களை அரசியல்வாதிகளின் கையினின்றும் எடுத்துத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது, 2001ஆம் ஆண்டின் 17ஆம் அரசியலமைப்புத் திருத்தம். பொதுமக்களின் முறைப்பாட்டைப் பெற்று விசாரித்தலும் அதன் கடமையாயிற்று. 2010இல் 18ஆம் திருத்தம் அவ்வாணைக்குழுவை மெலிவித்தது. 2015இல் 19ஆம் திருத்தம் வலுவூட்டியது. 2020இல் 20ஆம் திருத்தம் மீண்டும் அதன் சுதந்திரத்தைக் குறைத்தது. 2022இல் 21ஆம் திருத்தம் திரும்பவும் நிமிர்த்தியது. கால் நூற்றாண்டுக்குள் இத்தனை முறை பிடுங்கி நட்ட மரம் எங்ஙனம் வேரூன்றும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்க.

மூன்றாம் வாயில் அடிப்படை உரிமை வழக்கு. காரணமின்றிக் கைதுசெய்யப்பட்டவரும், சட்டத்தின் முன் சமமாக நடத்தப்படாதவரும் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தை நேரே நாடலாம். உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துள் மனுச் செய்தல் வேண்டும். அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிகழும் காலம் அவ்வொரு மாதக் கணக்கிற் சேராது. இது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தரும் சலுகை. பலர் இழந்தது நியாயத்தையன்று, நாளையே. ஆதலின் இதனைப் பிறருக்கும் எடுத்துரைத்தல் நற்பணியாகும்.

இடமாற்றம் தண்டனை அன்று

இம்மூன்று வாயில்களுள் பெரிதும் தூசி படிந்தது இரண்டாவதே. ஊரிலே ஓர் உத்தியோகத்தர் மீது முணுமுணுப்பு எழுந்தால், "அவரை மாற்றிவிட்டார்கள்" என்ற செய்தி வருகிறது, மக்கள் அமைதியுறுகின்றனர். இஃது எம் ஊரின் நோயை அயலூருக்கு அனுப்பியதேயன்றி மருத்துவமன்று. சில வேளைகளில் இடமாற்றமும் இல்லை. பதவி உயர்வே வருகிறது.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று இதனை நன்கு விளக்கும். அது பணப் பறிப்பு வழக்கன்று. எனினும் பொறுப்புக்கூறல் எங்கே தடைப்படுகிறது என்பதை அதனினும் தெளிவாய்க் காட்டுவது அரிது. 2023 டிசெம்பர் 14ஆம் நாள், மிரிஹானைப் பொலிஸார் ஒருவரைச் சட்டத்துக்கு மாறாகத் தடுத்துச் சித்திரவதை செய்த வழக்கிலே, தேசபந்து தென்னக்கோன் உள்ளிட்ட உத்தியோகத்தர் அவரது அடிப்படை உரிமையை மீறினர் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு செலுத்தவும், அவர்கள்மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கவும் பணித்தது. அப்பொழுது அவர் பதிற்கடமைப் பொலிஸ் மா அதிபர். 2024 பெப்ரவரியில் அப்பதவி அவருக்கு நிரந்தரமாக்கப்பட்டது. அவ்வாண்டு யூலை 24ஆம் நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஈற்றில் 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே விசாரணை நடத்தி, 2025 ஓகஸ்ட் 5ஆம் நாள் நாடாளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. எதிர்வாக்கு ஒன்றேனும் விழவில்லை. சட்டம் உறங்கவில்லை, ஆனால் எத்துணை நீண்ட சுற்றுவழி! கீழ்நிலை உத்தியோகத்தர் இதிலிருந்து எப்பாடத்தைக் கற்பர் என்பதே நம் கவலை.

உயர்பதவி எக்காலமும் கேடயமாகாது என்பதற்கும் சான்றுண்டு. கொழும்பு வர்த்தகர் ஒருவர் 2013ஆம் ஆண்டிற் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கிலே, பிரதிப் பொலிஸ் மா அதிபர் வாஸ் குணவர்தனவும் அவர்கீழ்ப் பணிபுரிந்த பொலிஸார் சிலரும் 2015 நவம்பர் 27ஆம் நாள் மூன்று நீதிபதிகள் முன்னிலையிற் குற்றவாளிகளாகக் காணப்பட்டு மரண தண்டனை விதிக்கப்பெற்றனர்.

அதே வேளை, குற்றஞ்சாட்டப்பட்ட உத்தியோகத்தருக்கும் நீதி உண்டு என்பதை நாம் மறத்தலாகாது. இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க என்னும் வழக்கிலே, 1964ஆம் ஆண்டிற் கோமறைக் கழகம் வழங்கிய தீர்ப்பு உலகெங்கும் சட்ட மாணவர் கற்பது. நீதிச்சேவை ஆணைக்குழுவினால் நியமிக்கப்படாதார் அமர்ந்த இலஞ்ச நியாயசபை, ஒருவரைத் தண்டித்தற்கு அதிகாரம் உடையதன்று என அத்தீர்ப்புக் கூறியது. இலஞ்சத்தை ஒழிக்கும் ஆர்வத்திலும் முறை தவறலாகாது. முறைகேட்டை முறைகேட்டால் வெல்லுதல் அரிது.

ஹொங்கொங் காட்டிய வழி

பொலிஸார் கப்பம் வாங்குதல் ஒழிக்கவியலாத நோய் என்பார்க்கு ஹொங்கொங் விடை தருகிறது. அங்கே நடைபாதை வியாபாரி முதல் சிறு பேருந்து ஓட்டுநர் வரை 'தேநீர்ப் பணம்' ஈந்து வாழ்ந்த காலம் ஒன்றிருந்தது. 1973ஆம் ஆண்டு யூன் மாதத்தில், உயர் பொலிஸ் அதிகாரியான பீற்றர் கொட்பர், 43 இலட்சம் ஹொங்கொங் டொலருக்கு மேற்பட்ட சொத்துக்குக் கணக்குக் காட்டவேண்டிய நிலையில் இங்கிலாந்துக்கு ஓடிவிட்டார். மக்கள் வீதியில் இறங்கினர். 1974 பெப்ரவரியில், பொலிஸாருக்குக் கட்டுப்படாத தனி ஆணைக்குழு ஒன்று அமைந்தது. அடுத்த ஆண்டில் கொட்பர் திரும்பக் கொண்டுவரப்பட்டு நான்காண்டுச் சிறை பெற்றார். 1977இற் பொலிஸார் பலர் திரண்டு அவ்வாணைக்குழுவின் அலுவலகத்தையே தாக்கினர். அரசு பழங்குற்றங்கள் பலவற்றை மன்னித்து ஒருபடி இறங்கவும் நேர்ந்தது. ஆயினும் ஆணைக்குழு நிலைத்தது. வீதிக் கப்பமும் அற்றொழிந்தது.

அங்கே வென்றது எது? தண்டனையின் கடுமையன்று. விசாரிப்பவர் விசாரிக்கப்படுபவரின் தோழராய் இல்லாமையும், வருவாய்க்கு மிஞ்சிய சொத்துக்குக் கணக்குக் கேட்கும் சட்டமும், முறையிட வருபவரை மதித்து ஏற்கும் கதவுமே வென்றன. 1855ஆம் ஆண்டிற் சென்னைக் குழு சுட்டிய குறைக்கு மருந்து இதுவே அன்றோ? இந்திய உயர் நீதிமன்றமும் பிரகாஷ் சிங் வழக்கிலே, 2006 செப்டெம்பர் 22ஆம் நாள், மாநிலந்தோறும் மாவட்டந்தோறும் பொலிஸார்மீதான முறைப்பாட்டுக்கெனத் தனி அதிகாரசபை அமைக்குமாறு பணித்தது.

நல்லூரிற் சிந்திய குருதி

பொலிஸார் யாவரையும் ஒரே மையினாற் பூசுதல் எம் நோக்கமன்று. 2017ஆம் ஆண்டு யூலை 22ஆம் நாள், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு அண்மையில், யாழ்ப்பாண மேல் நீதிமன்ற நீதிபதி இளஞ்செழியன் அவர்கள் பயணஞ் செய்தவேளை துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. நீண்டகாலம் அவருக்கு மெய்க்காவலராயிருந்த சிங்களப் பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் காயமுற்று உயிர்துறந்தார். நீதிபதி அவர்கள், இறந்தவரின் துணைவியார் முன் விழுந்து கண்ணீர் விட்டதைக் கண்ட குடாநாடு முழுவதும் கலங்கிற்று. அச்சீருடையும் இதே சீருடைதான். சந்தியில் நின்று ஆயிரம் ரூபாவுக்குக் கைநீட்டுபவர், மரக்கறி வியாபாரியிடம் மாத்திரம் பறிக்கவில்லை. நல்லூர் வீதியில் உயிரீந்தவரின் மதிப்பையும் பறிக்கிறார். ஆகவே கடும் ஒழுக்காறு நேர்மையான பொலிஸாருக்குப் பகையன்று. அதுவே அவர்தம் முதற் பாதுகாப்பு.

மாணவர்க்குச் சில சொற்கள்

இறுதியாக, நினைவில் நிறுத்தத்தக்கன சில. உத்தியோகத்தரின் பெயரையும் இலக்கத்தையும் பணிவுடன் கேட்டறிக. நாள், நேரம், இடம், வாகன இலக்கம் ஆகியவற்றை அன்றே குறித்து வைக்க. எழுத்தில் முறையிட்டுப் படியொன்றைப் பேணுக. முறைப்பாடு என்னவாயிற்று என அறிதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துக. எல்லாவற்றுக்கும் மேலாக, நம்மிடம் உண்மையான குறை இருக்கும்போது பணத்தை நீட்டாதிருக்க. இலஞ்சம் கொடுக்கப் பழகிய கையே பின்னர்க் கப்பத்துக்கும் விரிகிறது. சட்டத்தரணிகளாகவும் எழுதுவினைஞர்களாகவும் பொலிஸ் உத்தியோகத்தர்களாகவும் பல திசைகளிற் பணிபுரியும் பழைய மாணவர், முறையிட அஞ்சி வருபவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுப்பாராயின், அது கல்லூரி அன்னைக்கு அவர் செலுத்தும் காணிக்கையாகும்.

அம்மரக்கறி வியாபாரி இப்பொழுது லொறியை விற்றுவிட்டார். பிறரொருவர் கடையிற் கூலிக்கு நிற்கிறார். அவருக்கு நாம் உரிய காலத்தில் விடை கூறவில்லை. அவர் மகனுக்கேனும் இன்று கூறுகின்றோம்: தம்பி, உன் அப்பா கொடுத்தது வரியுமன்று, இலஞ்சமுமன்று; அது கப்பம். அவர் குற்றவாளி அல்லர். அவர் வாய் திறந்திருந்தால் சட்டம் செவிசாய்த்திருக்க வேண்டும். செவிசாய்க்கச் செய்தல் கற்ற நம் அனைவர்க்கும் கடன். நல்லூரிற் கப்பம் வாங்கிய அரசுகள் மறைந்து நூற்றாண்டுகள் கழிந்தன. இனி எச்சந்தியிலும் எவரும் சிற்றரசராய் முடிசூடாதிருப்பாராக.